பாத்தி மேல் ஒரு வில்

பத்தடி நீளமுள்ள அரை அங்குல பிவிசி குழாயை ஒரு முனையில் பிடித்துக் கிடையாக நீட்டிப் பாருங்கள். மறுமுனை ஒரு மீட்டர் அளவுக்குத் தொங்கிப்போகும். இரண்டு செங்கல் அடுக்குகளுக்கு இடையே அதைக் கிடத்தி நடுவில் இரண்டு கிலோ கத்தரிக்காய்ப் பையை மாட்டினால், முழங்கால் உயரத்துக்கு வயிறு தள்ளும். இவ்வளவு நொய்மையான குழாயை வளைத்து, முனைகளைப் பாத்தியின் இரண்டு ஓரங்களிலும் செருகிவிட்டால் கதை மாறிவிடுகிறது. அதன்மேல் வலையைப் போர்த்தலாம், மழையில் நனைந்து கனத்தாலும் தாங்கும். ஆடிக் காற்றில் அசையும், ஆனால் படுத்துவிடாது. குழாயில் நாம் எதையும் கூட்டவில்லை. பிறகு அந்த பலம் எங்கிருந்து வந்தது?

கூண்டு வண்டியின் கூண்டைப் பின்னியவர்கள் மூங்கிலை வளைத்துப் பாயைப் போர்த்தியபோதே இதற்குக் கைவழி விடை கண்டுவிட்டார்கள். அறிவியல் வழி விடை வர 17, 18ஆம் நூற்றாண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விடை தெரிந்தால், வீட்டுத் தோட்டத்து வளைவுக்கு எவ்வளவு நீளக் குழாய் வாங்குவது, எங்கே உடையும், எங்கே பிடுங்கிக்கொள்ளும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம்.

முதலில், வளைவு எதற்கு என்பதைப் பார்த்துவிடுவோம். வலையை அப்படியே செடிமேல் விரித்தால் போதாதா? போதாது. வலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இலையில் பூச்சி வெளியே உட்கார்ந்தபடியே வாயுறுப்பை நுழைத்துச் சாறு உறிஞ்ச முடியும். கிளியும் வெளியிலிருந்தே காயைக் கொத்திவிடும். மேலே வளரும் தளிர் வலையில் முட்டி மடங்கும். மிளகாய், தக்காளி நாற்றங்காலை நைலான் வலைக்குள் வளர்க்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது, வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டை வைரஸைத் தடுக்கத்தான். அந்தத் தடுப்பு பலிக்க, வலைக்கும் இலைக்கும் நடுவே வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தைப் பிடித்து வைப்பதே வளைவின் வேலை.

இனி ஒரு சின்னச் சோதனை. தடித்த கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை வளைத்து மேசைமேல் வளைவாக நிறுத்துங்கள். உச்சியில் விரலால் மெல்ல அழுத்துங்கள். அட்டை உடனே தட்டையாகிவிடும். கவனித்தால், அட்டை நடுவில் ஒடியவில்லை, அதன் இரண்டு பாதங்களும் வெளிப்பக்கமாக வழுக்கிப் போயிருக்கும். இப்போது இரண்டு பாதங்களுக்கும் வெளியே ஒவ்வொரு கனத்த புத்தகத்தை அணைவாக வைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். அதே அட்டை விரலை எதிர்த்து நிற்கும்.

அட்டையின் உச்சியில் விழும் பாரம் இரண்டாகப் பிரிந்து வளைவு வழியே கீழே இறங்குகிறது. தரையைத் தொடும்போது அந்த விசை செங்குத்தாக மட்டும் இறங்குவதில்லை, ஒரு பங்கு வெளிப்பக்கமாகவும் தள்ளுகிறது. இதைப் புறவுந்தல் என்று சொல்லலாம். புறவுந்தலை எதிர்க்க ஏதாவது இருந்தால் பாரத்தின் பெரும்பகுதி குழாயை நீளவாக்கில் அமுக்குவதோடு முடிந்துவிடும். எதிர்க்க ஒன்றும் இல்லாவிட்டால் குழாய் முழுப் பாரத்தையும் வளைந்து கொடுத்தே சமாளிக்க வேண்டும். மெல்லிய பொருள் எதுவும் நீளவாக்கு அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு வளைப்பைத் தாங்காது. அரைவட்ட வளைவு ஒன்றின் உச்சியில் பாரம் வைத்தால், பாதங்கள் தாராளமாக வழுக்கும் நிலையில் அது எவ்வளவு தாழுமோ, பாதங்களை நகரவிடாமல் பிடித்தால் அதில் ஒன்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தாழும் என்கிறது பொறியியல் கணக்கு. குழாய் ஒன்றே, பாரமும் ஒன்றே. பாதத்தைப் பிடித்ததால் மட்டும் வந்த ஒன்பது மடங்கு அது.

வளைவைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். கடையில் நாம் விலை கேட்பது குழாயின் கனத்தை. தோட்டத்தில் வளைவு நிற்பதும் விழுவதும் பாதத்தின் பிடிப்பில். வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நாண் இல்லாத வில் வெறும் கழி. நாண் இரண்டு முனைகளையும் விடாமல் பிடித்திருப்பதால்தான் அது வில்லாக இருக்கிறது. பாத்தி மேல் நிற்கும் வளைவுக்கு நாண், கண்ணுக்குத் தெரியாத மண்.

இப்போது குழாயின் உள்ளே போவோம். நான்கடி அகலப் பாத்தியின் மேல் வளைத்த 20 மில்லிமீட்டர் குழாயின் உச்சிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். குழாயின் நடு அச்சு 50 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைந்திருக்கிறது என்றால், வெளி விளிம்பு 51 சென்டிமீட்டர் ஆரத்திலும் உள் விளிம்பு 49 சென்டிமீட்டர் ஆரத்திலும் வளைந்திருக்கும். நேராக இருந்தபோது மூன்றும் ஒரே நீளம். வளைத்த பிறகு வெளி விளிம்பு 2 சதவீதம் நீண்டிருக்கிறது, உள் விளிம்பு 2 சதவீதம் சுருங்கியிருக்கிறது. நடுவே நீளவும் சுருங்கவும் செய்யாத ஓர் அடுக்கு இருக்கிறது. அது நடுநிலை அடுக்கு. இப்படி, இருந்த நீளத்தில் எத்தனை பங்கு மாறியது என்பதைத்தான் பள்ளிப் புத்தகம் திரிபு என்கிறது.

ஒரு பொருள் எவ்வளவு திரிபு வரை பழைய நிலைக்குத் திரும்பும் என்பதில் பொருளுக்குப் பொருள் வித்தியாசம் உண்டு. சாதாரண இரும்புக் கம்பிக்கு அந்த எல்லை 0.12 சதவீதத்தை ஒட்டியது. அதைத் தாண்டினால் வளைந்தது வளைந்ததுதான். 6 மில்லிமீட்டர் கம்பியை மேலே சொன்ன ஆரத்தில் வளைத்தால் 0.6 சதவீதத் திரிபு வரும், எல்லையைப் போல ஐந்து மடங்கு. எனவேதான் கம்பியை ஒரு டிரம்மைச் சுற்றி வளைத்தால் வளைவாகவே இருந்துவிடுகிறது. பிவிசிக்கு 2 சதவீதம் என்பது எல்லைக்கு அருகில்தான், ஆனாலும் கையை விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். மண்ணில் செருகிய பிவிசி வளைவு ஒவ்வொரு நொடியும் நிமிரத் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துடிப்பும் பாதத்தில் புறவுந்தலாகத்தான் வெளிப்படுகிறது. நான்கடிப் பாத்தியில் 20 மில்லிமீட்டர் குழாய்க்கு, காற்றும் இல்லை வலையும் இல்லை என்ற நிலையிலேயே, ஒவ்வொரு பாதமும் இரண்டு இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளும். கம்பி வளைவு அப்படிச் சும்மா தள்ளுவதில்லை, பாரம் விழுந்தால்தான் தள்ளும்.

இரும்பு பிவிசியைப் போல 60, 70 மடங்கு விறைப்பான பொருள். ஆனால் 6 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியும், 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான சுவர்த்தடிப்புள்ள 20 மில்லிமீட்டர் பிவிசி குழாயும் வளைப்பை எதிர்ப்பதில் ஏறத்தாழச் சமம்! எடையில் குழாய்தான் குறைவு. வளைக்கும்போது வேலை செய்வது நடுநிலை அடுக்கிலிருந்து தள்ளி இருக்கும் பொருள்தான். நடுவில் இருப்பது கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. குழாய் தன் பொருள் முழுவதையும் ஓரத்தில் வைத்திருக்கிறது. பறவையின் எலும்பும் நாணல் தண்டும் உள்ளீடற்று இருப்பதன் லாபம் இதுதான் என்று கலிலியோ 1638இல் வெளியான தம் ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலிலேயே பேசியிருக்கிறார். திண்மக் கம்பியில் தடிப்பு இன்னும் கூர்மையாகப் பேசும். விறைப்பு, விட்டத்தின் நான்காம் படியில் ஏறுகிறது. 6 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 4 மில்லிமீட்டர் கம்பி வாங்கினால் மிச்சமாவது பாதிக்கு மேற்பட்ட இரும்பு, மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு விறைப்பு மட்டுமே. 4 மில்லிமீட்டர் கம்பி நாற்றங்காலின் தாழ்ந்த வளைவுக்கு ஏற்றது. ஆள் இடுப்பு உயர வளைவுக்கு அது போதாது.

சரி, வளைத்த குழாய் என்ன வடிவத்தில் நிற்கிறது? வட்டத்தின் ஒரு துண்டு என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். கட்டடக் கலை படித்தவர்கள் தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கிய வடிவம் என்பார்கள். சங்கிலி தொங்கும்போது இழுவிசை மட்டுமே தாங்குகிறது, அதே வடிவத்தைக் கவிழ்த்துக் கல்லில் கட்டினால் அமுக்கம் மட்டுமே தாங்கும் என்பது ராபர்ட் ஹூக்கின் கண்டுபிடிப்பு. அதை அவர் 1670களில் எழுத்துகளைக் குலைத்துப் புதிராக அச்சிட்டார். அவர் இறந்த பிறகுதான் விடை வெளியானது. கல் வளைவுக்கு அது பொன்னான விதி. நம் குழாய்க்கு அது பொருந்தாது. சங்கிலிக்கு வளைவதில் எதிர்ப்பே இல்லை, கல் வளைவு கட்டப்பட்ட வடிவிலேயே பிறக்கிறது. குழாயோ நேராகப் பிறந்து, வளைக்கப்பட்டு, நிமிர விரும்பிக்கொண்டே இருப்பது.

இந்தக் கேள்வியைச் சரியாகப் பிடித்தவர் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஜேக்கப் பெர்னூலி. மெல்லிய மீட்சிப் பட்டை ஒன்றை முனையில் விசை கொடுத்து வளைத்தால் அது எடுக்கும் வடிவம் என்ன என்று கேட்டு, 1694இல் விடையை வெளியிட்டார். அவர் பிடித்த நூல் இதுதான்: பட்டையின் ஒவ்வொரு புள்ளியிலும் வளைவின் கூர்மை, விசை செல்லும் கோட்டிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த அளவுக்கு இருக்கும். இதை நம் பாத்திக்குக் கொண்டுவருவோம். விசை செல்லும் கோடு இரண்டு பாதங்களையும் இணைக்கும் கிடைக்கோடு. ஆக, தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவு வளைவு. பாதத்தருகே குழாய் ஏறக்குறைய நேராக நிற்கும், மேலே போகப் போக வளைவு கூடும், உச்சியில் மிகக் கூர்மையாக இருக்கும். இந்தக் கோட்டை மீள்வளைகோடு என்று வைத்துக்கொள்வோம். ஜேக்கப்பின் தம்பி மகனான டேனியல் பெர்னூலி 1742இல் ஆய்லருக்குக் கடிதம் எழுதி, வளைப்பில் சேமிப்பாகும் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் வடிவமே அது என்ற வழியில் யோசிக்கத் தூண்டினார். 1744இல் ஆய்லர் அந்தக் குடும்பத்துக் கோடுகள் அனைத்தையும் ஒன்பது வகையாகப் பிரித்துக் காட்டினார்.

இதில் ஒரு கோடு நமக்கு மிக முக்கியம். பாதம் தரையைச் செங்குத்தாகத் தொடவேண்டும், அதே சமயம் அங்கே குழாயைத் திருப்பும் விசை எதுவும் இருக்கக்கூடாது என்று நிபந்தனை வைத்தால் ஒரே ஒரு வடிவம்தான் கிடைக்கிறது. பெர்னூலி 1694இல் கணக்கிட்ட கோடே அது. அகலம் 1 என்றால் அதன் உயரம் 0.83, கோட்டின் நீளம் 2.19. நான்கடி, அதாவது 1.2 மீட்டர் அகலப் பாத்திக்கு நீளம் 2.63 மீட்டர், உயரம் சரியாக 1 மீட்டர். கடையில் கிடைக்கும் பத்தடிக் குழாய் 3.05 மீட்டர். மிச்சம் 42 சென்டிமீட்டரைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 21 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகும். நான்கடிப் பாத்தியும் பத்தடிக் குழாயும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைக் கணக்கில் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. உச்சியின் வளைவு ஆரம் உயரத்தில் சரிபாதி. முன்பு சொன்ன 50 சென்டிமீட்டர் அங்கிருந்துதான் வந்தது.

நம்பாவிட்டால் சோதித்துப் பார்க்கலாம், சோதிக்கவே வேண்டும். 2.63 மீட்டருக்குக் குழாயை வெட்டி, தரையில் 1.2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கனத்த கற்களை வைத்து, அவற்றின் உள்பக்கத்தில் பாதங்கள் முட்டும்படி வளைத்து ஒருவர் லேசாகப் பிடித்துக்கொள்ளட்டும். உயரத்தை அளந்தால் ஒரு மீட்டரைச் சுற்றி வரும். குழாயின் சொந்த எடையும், உச்சியில் பிவிசி கொஞ்சம் தளர்ந்து கொடுப்பதும் சேர்ந்து ஓரிரு சென்டிமீட்டர் மாற்றலாம். மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கு வீட்டு வாசலில் அளவுநாடாவுக்குள் அடங்குகிறது.

குழாயை மிச்சம் பிடிக்கலாமே என்று 1.9 மீட்டரே போதும் என்று வெட்டினால்? பாதங்களை மண்ணில் செங்குத்தாகச் செருகினால் அந்த நீளத்துக்கு உண்மையிலேயே அரைவட்டம் கிடைக்கும். உயரம் 60 சென்டிமீட்டர். ஆச்சரியமாக, அந்த வடிவில் குழாய் நிமிரப் பார்ப்பதால் வரும் புறவுந்தல் இல்லை. அதற்குப் பதில் பாதத்தில் ஒரு திருப்புத்திறன் வந்து சேர்கிறது. மண்ணுக்குள் இருக்கும் நுனி வெளியே நெம்ப, தரைமட்டத்தில் குழாய் உள்ளே சாய, செருகிய குழியே மெல்ல அகன்றுபோகும். நீர் பாய்ச்சிய மறுநாள் குட்டை வளைவுகள் கோணலாகச் சரிந்திருப்பதை நிறையத் தோட்டங்களில் பார்க்கலாம். குழாய் மட்டமான சரக்கு என்று பழி சொல்வார்கள். உயரமான வளைவின் பாதம் பக்கவாட்டில் தள்ளுகிறது, நெம்புவதில்லை. மண்ணுக்கு அதைத் தாங்குவது எளிது. எனவே குழாயின் நீளத்தில் சிக்கனம் வேண்டாம்.

பாத்தி குறுகினால் வேலை எளிதாகும் என்று நினைப்பதும் பிழை. மூன்றடி அகலத்துக்கு இதே வடிவில் வளைத்தால் உச்சி ஆரம் 38 சென்டிமீட்டர் ஆகிவிடும், திரிபு 2.6 சதவீதத்தைத் தாண்டும். குறுகிய பாத்திக்கு இன்னும் மெல்லிய குழாயோ கம்பியோதான் ஏற்றது. பழைய சொட்டுநீர்க் குழாய்க்குள் 4 மில்லிமீட்டர் கம்பியை நுழைத்து வளைப்பவர்கள் உண்டு. அருமையான யோசனை அது. கம்பி வடிவத்தைப் பிடிக்கிறது, குழாய் துருவையும் வலை கிழிவதையும் தடுக்கிறது.

குழாய் உடையும் இடம் பெரும்பாலும் உச்சிதான் என்பது இப்போது விளங்கும். ஆனால் பிவிசி அங்கே பிளப்பதைவிட மடங்குவதே அதிகம். வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் அமுங்குகிறது. இரண்டும் சேர்ந்து குழாயின் வட்ட வாயை நீள்வட்டமாக நசுக்குகின்றன. நசுங்கிய குழாய் முன்னைவிட எளிதாக வளையும், வளைய வளைய இன்னும் நசுங்கும். ஓர் எல்லையில் சட்டென மடிந்துவிடும். 1927இல் பிரேசியர் என்ற ஆங்கிலேயர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார், அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. பப்பாளி இலைக்காம்பை வளைத்துப் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் இதைக் கையால் அறிந்தவர்கள். மருந்து எளிது: வாய் நசுங்காமல் பார்த்துக்கொள்வது. குழாயைச் சூடாக்கி வளைக்கும் பிளம்பர்கள் உள்ளே மணலை இறுக்கி நிரப்புவது இதற்காகத்தான். நமக்குச் சூடாக்க வேண்டிய அவசியமில்லை. நடுப்பகல் வெயிலில் கிடந்து இளகிய குழாயை வளைத்தால் போதும். விடியற்காலைக் குளிரில் வளைக்க வேண்டாம், வெயிலில் பல வருடம் கிடந்து வெளுத்துப்போன குழாயை எந்த நேரத்திலும் வளைக்க வேண்டாம். சூரியனின் புற ஊதாக் கதிர் பிவிசியின் மேல்தோலை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்பவர்களுக்கு மூங்கில் பிளாச்சு இருக்கிறது. அதில் எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும்? மூங்கில் சுவரில் நார்கள் சமமாகப் பரவியிருக்கவில்லை. பச்சைத் தோலை ஒட்டி நெருக்கமாகவும், உள்பக்கம் போகப் போகத் தளர்வாகவும் இருக்கின்றன. உள்பக்கத்தில் மிருதுவான திசுவே மிகுதி. தோல் வெளிவளைவில் இருந்தால், இழுபடும் பக்கத்தில் நாரும் அமுங்கும் பக்கத்தில் அமுங்கித் தரக்கூடிய திசுவும் வந்து அமைகின்றன. ஜப்பானில் ஒபதாயா குழுவினர் பிளந்த மூங்கிலை இரண்டு விதமாகவும் வளைத்து அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. தோல் வெளியே இருக்க வளைத்த மூங்கில் அதிகம் வளைந்து கொடுத்து உடையாமல் நின்றது. புதிதாக வெட்டிய ஈர மூங்கில் இன்னும் நன்றாக வளையும்.

மறுபடி பாதத்துக்கு வருவோம். மண் பக்கவாட்டு விசையை எதிர்ப்பது ஆழத்தைப் பொறுத்தது. தளர்வான மண்ணில் ஆழத்தை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரண்டு மடங்குக்கு மேலேயே கூடும், மேல்மண்ணைவிடக் கீழ்மண் இறுக்கமாக இருப்பதால். தொழுவுரம் கலந்து கொத்திவிட்ட மேட்டுப்பாத்தியின் நடுவில் குழாயைச் செருகுவது, புழுதியில் செருகுவதற்குச் சமம். பாத்தியின் வெளி ஓரத்தில், கொத்தாத மண்ணில், இரண்டடி முறுக்குக் கம்பியை ஓரடிக்கு மேல் அடித்து இறக்கி, அதன்மேல் குழாயை மாட்டினால் காலம் முழுக்க நிற்கும். 10 மில்லிமீட்டர் கம்பி 20 மில்லிமீட்டர் குழாய்க்குள் தாராளமாகப் போகும். பாதம் கொஞ்சம் திரும்ப இடமும் கிடைக்கும்.

மாடித்தோட்டத்தில் மண்ணே இல்லை, பைகளும் தொட்டிகளும்தான். அங்கே வளைவு தோற்பதற்குக் காரணமும் அதுவே. பையின் மண் புறவுந்தலைத் தாங்குவதில்லை, பை சேர்ந்தே சாய்கிறது. இரண்டு பாதங்களையும் தரைமட்டத்தில் ஒரு கம்பியாலோ நீளாத நைலான் கயிற்றாலோ இழுத்துக் கட்டிவிடுங்கள். வெளியே தள்ளும் இரண்டு விசைகளும் அந்தக் கயிற்றுக்குள்ளேயே ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பைக்குக் கீழ்நோக்கிய எடை மட்டுமே போகும். முன்பு சொன்ன நாண், இங்கே கண்ணுக்குத் தெரியும்படி வந்துவிடுகிறது. இவ்வளவு மலிவான மருந்தை மாடித்தோட்டக்காரர்கள் அதிகம் பயன்படுத்தாமல் கனத்த குழாய்க்குச் செலவழிப்பதைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை.

இதுவரை பேசியது வளைவின் தளத்துக்குள் வரும் விசைகளைப் பற்றி. பாத்தியின் நீளவாக்கில் தள்ளினால் வளைவு எதிர்ப்பே காட்டாமல் சாயும். ஒன்று சாய்ந்தால் வலை இழுத்து அடுத்ததும் சாயும். இதற்கு முகட்டுக் கயிறு வேண்டும். எல்லா வளைவுகளின் உச்சியிலும் ஒரு சுற்றுச் சுற்றி, பாத்தியின் இரு தலைப்பிலும் சாய்வாக அடித்த முளைகளில் இறுக்கிக் கட்டவேண்டும். அந்தக் கயிறே வளைவுகளுக்கு நடுவில் வலை தொய்வதையும் குறைக்கும். வளைவுகளுக்கு இடைவெளி ஒரு மீட்டர் போதும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இரண்டாம் படியில் ஏறும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று, எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 6 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 72 கிலோமீட்டர் காற்று 24 கிலோ. வலையில் இதில் எவ்வளவு படும் என்பது துளையைப் பொறுத்தது. ‘50 மெஷ்’ என்று விற்பதில் ஓர் அங்குலத்துக்கு 50 இழை, அதாவது இழையும் துளையும் சேர்ந்து அரை மில்லிமீட்டர். இழைத்தடிப்பு 0.2 மில்லிமீட்டர் என்றால் துளை 0.3. பரப்பில் கணக்கிட்டால் திறந்திருப்பது 36 சதவீதம், மீதி எல்லாம் இழை. காற்றுக்கு அது ஏறக்குறையச் சுவர். கிளியையும் அணிலையும் மட்டும் தடுக்கும் 15, 20 மில்லிமீட்டர் துளை வலையில் திறப்பு 95 சதவீதத்துக்கும் மேல்.

வெள்ளை ஈக்கு அவ்வளவு நுண்துளை எதற்கு? 1991இல் கலிஃபோர்னியாவில் பெத்கே, பெய்ன் இருவரும் பூச்சிகளின் மார்புப் பகுதியை நுண்ணோக்கியில் அளந்தார்கள். சிறகு மடங்கும், வயிறு நெளியும், மார்பு மட்டும் இறுகிய கூடு. அது நுழைந்தால் பூச்சியே நுழையும். வெள்ளை ஈயின் மார்பு அகலம் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இலைப்பேனுடையது அதைவிடச் சிறியது. ஆக 0.3 மில்லிமீட்டர் துளையும் முழுத்தடுப்பு ஆகாது, கூட்டத்தை வெகுவாகக் குறைக்கும். நாற்றுப் பருவத்தில் அந்தக் குறைவே பெரிய வித்தியாசம். நுண்வலைக்குக் காற்று அதிகம் அடிக்கும் என்பதால், அதை நாற்றங்காலின் தாழ்ந்த வளைவில் வைத்துக்கொண்டு, காய்க்கும் செடிகளின் உயர்ந்த வளைவுக்குப் பறவை வலையைப் போடுவது புத்திசாலித்தனம்.

காற்று பக்கத்திலிருந்து வளைவின் மேல் ஏறும்போது தான் மோதும் பக்கத்தை உள்ளே தள்ளுகிறது, உச்சியை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்று வரும் பக்கத்துப் பாதம் பிடுங்கிக்கொண்டு வருவது அதனால்தான். வலையின் ஓரத்தை ஒரு சாண் ஆழத்துச் சாலில் இட்டு மண்ணால் மூடுங்கள். வலைக்கு மேலே, ஒவ்வொரு இரண்டு வளைவுகளுக்கும் நடுவில், பக்கத்துக்குப் பக்கம் ஒரு கயிறு குறுக்கே போட்டு முளையில் கட்டுங்கள். பாதத்தின் பளு குறையும்.

பூக்கத் தொடங்கியதும் வலையைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். தக்காளியும் மிளகாயும் தம் மகரந்தத்திலேயே காய்க்கும். காற்றின் அசைவே பெரும்பாலும் போதும். பாகல், பூசணி, வெள்ளரிக்கு ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். பூத்த காலையில் ஒரு பக்கத்தை முகட்டுக் கயிறுவரை சுருட்டிவிடுங்கள். பீர்க்கும் புடலும் மாலையில் பூப்பவை, அவற்றுக்கு அந்தி வேளையில் திறக்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓரம் மண்ணில் புதையாமல் தளர்ந்து கிடக்கும் பறவை வலை, எலி தேடி வரும் சாரைப்பாம்புக்குச் சாவுப் பொறி. தலை நுழையும் துளையில் உடல் நுழைவதில்லை. செதில் பின்னோக்கி இருப்பதால் திரும்பவும் முடிவதில்லை, வெயிலில் கிடந்து செத்துப்போகும். இறுக்கிக் கட்டி ஓரத்தைப் புதைத்த வலையில் இது மிக அரிது. பருவம் முடிந்ததும் வலையைச் சுருட்டிப் பரணில் ஏற்றுங்கள். குழாய்களையும் பிடுங்கி நிழலில் நேராகக் கிடத்துங்கள். ஒரு பருவம் வளைந்து நின்ற பிவிசி முழுவதும் நிமிராது, பாதி வளைவோடுதான் கிடக்கும். நெடுநாள் ஒரே நிலையில் பிடித்து வைத்தால் பிளாஸ்டிக்கின் நீள் மூலக்கூறுகள் மெல்ல நழுவிப் புதிய வடிவத்துக்குப் பழகிவிடுகின்றன. அதில் நட்டம் ஒன்றும் இல்லை. அடுத்த பட்டத்தில் அதே குழாய் அதே பக்கமாக எளிதாக வளையும், பாதத்தையும் முன்போல அவ்வளவு தள்ளாது.